கண்ணாடியோடு மோதிய மீன்

காக்ஸ் டவுன் லாயிட்டை ஆபீசில் யார் திட்டினாலும் தலையைக் குனிந்துகொள்வார். வீராப்பெல்லாம் வீட்டில்தான். அங்கே ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன் வளர்த்தார். தினமும் தொட்டிக்கு வெளியே கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். தன் உருவத்தையே எதிரியென்று நினைத்து மீன் சீறிப் பாயும். கோபப்பட்டால்தான் அதன் தலைக்கொண்டை பெருக்குமாம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை எடுத்துவிடுவார்.

ஒருநாள் மனைவி பிரிஸில்லா இரக்கப்பட்டு முன்னதாகவே எடுத்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி தொட்டே, கையை ஒடச்சிடுவேன்."

போன ஞாயிறு கண்ணாடியை எடுக்க மறந்து பூசைக்குப் போனவர், அப்படியே ஒரு கல்யாண விருந்துக்கும் போய்விட்டு மாலையில் திரும்பினார். மோதி மோதி வாய் கிழிந்த மீன் செத்து மிதந்தது.

"நாள் பூரா வீட்லதானே இருந்தே? எடுத்திருக்கக் கூடாதா?"

பிரிஸில்லா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு இந்தக் கை வேணுமே."