பழைய பேப்பர் கடைக்குப் போன ரஷ்ய இலக்கணம்

சப்டைட்டில் இல்லாமல் ரஷ்யப் படம் பார்க்கும் ஆசையில், நாற்பத்தாறு வயதில் நான் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினேன். பிரெஞ்சு படித்தாலாவது பாண்டியில் பிழைக்கலாம் என்றார் என் அண்ணன். ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது, என் இலக்கணப் புத்தகத்தையும் அகராதியையும் ரஷ்ய சினிமா பற்றிய மூன்று புத்தகங்களையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். உப்பளம் பகுதியில் இருந்த அந்தப் பழைய பேப்பர் கடைக்கே போய், மூட்டைகளைப் பிரித்து, ஐந்தையும் தேடி எடுத்து வந்தேன். சேலையெல்லாம் தூசி.

"இத படிச்சி யார்கிட்ட பேசப் போற?" என்று அண்ணன் கத்தினார்.

"யார்கிட்டயும் பேச வேணாம். எனக்குப் புடிச்சிருக்கு, படிக்கிறேன்."

அன்று மாலையே கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரஷ்ய வினைச்சொற்களை வாய்விட்டு வாசித்தேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் குரலைக் கூட்டினேன்.