ஆத்தா மலைக்குப் போயிருக்கா

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியில் ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஓட்டுநர் தன் மச்சானோடு ஒரு கல்யாணத்தையே பேசி முடித்தார். தஞ்சாவூர்க்காரிக்குப் பொறுமை கம்மி. "ஏம்ப்பா, பந்தியும் போட்டுட்டுத்தான் கிளம்புவியா?" என்று ஜன்னல் வழியே கத்தினேன். "இந்தா கெளம்பியாச்சு ஆத்தா, கோவிக்காதீக" என்று சிரித்தபடி ஏறினார். அந்தச் சிரிப்பிலும், மேற்கே வானத்தை மறைத்து நின்ற மலையிலும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

கணவரை அழைத்து வரவில்லை. மலைப்பாதை என்றால் அவருக்குத் தலை சுற்றும். அவர் கூட வந்தால் எனக்குச் சுற்றும். நான் வந்தது இரண்டு காரியங்களுக்கு. ஒன்று, பாயசத்தில் மட்டுமே பார்த்திருந்த ஏலக்காயைச் செடியில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இன்னொன்று, என் தோழி பத்மா என் தலையில் கட்டிய வேலை. எங்கள் ஊரில் அவள் செயலாளராக இருக்கும் மன்றம் ஆண்டுக்கு ஒரு விருது கொடுக்கிறது. இந்த முறை, போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இட்லிக் கடை வைத்திருக்கும் செல்வமணி என்ற பெண்ணுக்கு. ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் சோறு போடுவதாகக் கைபேசியில் சுற்றிய ஒரு வீடியோவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். "நேரே போய்ச் சம்மதம் வாங்கு. பிள்ளைங்களோட நாலு படம் எடு. விருதுக்குப் பேரு 'தாயில்லாப் பிள்ளைகளின் தாய்'. நான் வச்ச பேருடி" என்றாள் பத்மா. பெருமையில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அன்று மாலை போடி கடைத்தெருவில் சுற்றினேன். தெருவே பாயசம் இறக்கிவைத்த அடுக்களை மாதிரி மணக்கிறது. பெரிய காய் நூறு கிராம் முந்நூறு ரூபாய் சொன்னார்கள். பேரம் பேசினேன். "மலையேறிப் பாத்துட்டு வந்து கேளுங்க, கொறைக்கச் சொல்லவே மாட்டீக" என்றார் கடைக்காரர். வாங்காமல் விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஆட்டோ என்னைச் செல்வமணியின் கடை வாசலில் இறக்கியது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரை. எதிரே ஜீப்புகள். அடிவாரத்துப் பெண்கள் விடியும் முன்பே இந்த ஜீப்புகளில் ஏறி, கேரள எல்லையைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் திரும்புகிறார்கள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் தூக்கம் கலையாத பிள்ளை. பிள்ளையைக் கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "வெரசா ஏறுங்கத்தா, நேரமாச்சு" என்று ஓட்டுநர் அதட்ட அதட்ட ஓடிப்போய் ஏறினார்கள். ஜீப்புகள் போனதும் கடையில் இருபது பிள்ளைகள் மிச்சம்.

செல்வமணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். பையன்களை முகம் கழுவ விரட்டினார். பெண்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எண்ணெய் தடவிச் சடை பின்னினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு இட்லி. எட்டரை மணி பஸ்சில் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். தலை சீவாமல் போக வெட்கப்பட்டே ஒரு காலத்தில் பாதிப் பெண்பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்களாம். இதற்கெல்லாம் காசு கிடையாது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மார்கள் முறைவைத்து வந்து மாவாட்டுகிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். அதனால் இங்கே சாப்பிடும் எந்தப் பிள்ளைக்கும் ஓசியில் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே இல்லை. சட்னியில் உப்பு இல்லை என்று ஒரு பொடிசு அதிகாரமாகச் சத்தம் போட்டது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். விருது என்றதும் செல்வமணியின் முகம் மலர்ந்தது. பெயரைச் சொன்னதும் சீப்பு நின்றது.

"யாருக்கா தாயில்லாப் புள்ளைக? இந்தா நிக்கிறானே, இவன் ஆத்தா மலைக்குப் போயிருக்கா. இப்பத்தான கையாட்டிட்டுப் போனா, நீங்களும் பாத்தீகள்ல?"

"பேர மாத்தச் சொல்லிடுறேன்மா."

"பேர மாத்துனா ஆச்சா? எனக்கு மாலையப் போட்டு, இதுகளப் பக்கத்துல வரிசையா நிறுத்துவீக. பெத்தவளுகளுக்கு ஊரு என்ன பேரு வைக்கும்? ஒருத்தியும் நாளைக்கு இங்க புள்ளைய விட மாட்டா. ஏற்கெனவே ஒரு புள்ளைய எழந்துட்டு நிக்கிறேன்க்கா."

அந்த வீடியோதான் காரணம். பைக்கில் வந்த இரண்டு இளைஞர்கள் எடுத்தது. பெற்றோர் கைவிட்ட குழந்தைகள் என்று பின்னால் குரல் கொடுத்து, அழுவாச்சி இசையும் சேர்த்திருக்கிறார்கள். அது மலைக்கும் போயிருக்கிறது. பாண்டியம்மாள் என்ற பெண்ணின் மகள் காவ்யா அதில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "கைவிட்டவ வந்துட்டாடீ" என்று ஜீப்பிலேயே கேலி. மறுநாளிலிருந்து பாண்டியம்மாள் மகளையும் மலைக்கே கூட்டிக்கொண்டு போகிறாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

"மூணு தடவ வீட்டுக்குப் போயிட்டேன். மூஞ்சிகுடுத்துப் பேச மாட்டேங்குறா. இன்னும் ரெண்டு வாரம் இப்பிடியே போச்சுன்னா அம்புட்டுத்தான். ஏலக்கா எடுக்கப் பழகுன கை அப்புறம் பென்சிலத் தொடாது" என்றார் செல்வமணி. அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

"நான் மலைக்குத்தானே போறேன். பார்த்துப் பேசுறேன்" என்றேன். கேட்காத ஊருக்கு வழி சொல்வது எனக்குக் கூடப்பிறந்த குணம்.

எட்டு மணிக்கு, பாண்டியம்மாள் வேலை செய்யும் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு முருகேசன் என்ற ஓட்டுநரின் ஜீப்பு புறப்பட்டது. நான் முன்சீட்டில். முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவில் முருகனைக் கூப்பிட்டேன், ஒன்பதாவதில் என் குலதெய்வத்தை, அதற்கு மேல் வாயைத் திறந்தால் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிடும் என்ற நிலை. "கீழ பாக்காதீக, தூரமாப் பாருங்க" என்றார் முருகேசன். தூரமாகப் பார்த்தேன். போடி, அதற்கப்பால் தேவாரம் வரை தென்னையும் வயலுமாகப் பச்சை. உண்மையிலேயே அழகு. போடிமெட்டில் ஒரே மூடுபனி. பதினைந்து ரூபாய்க்கு ஏலக்காய் டீ குடித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"செல்வமணி எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"வாயி காரம், மனசு வெல்லம். பாண்டியம்மாளும் லேசுப்பட்டவ இல்ல. ரெண்டும் ரோசக்காரிக. நடுவுல நீங்க மாட்டிக்கிறாதீக" என்றார்.

எல்லை தாண்டி பூப்பாறை சாலையில் கொஞ்ச தூரம் போனால் தோட்டம். மலையாளி மேற்பார்வையாளர், "சேச்சி கண்டோ, பட்சே போட்டோ வேண்டா, கேட்டோ" என்று, படம் மட்டும் எடுக்கக் கூடாதென்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார். வானளாவிய மரங்கள், அவற்றின் நிழலில் ஆளுயரத்துக்கு ஏலச்செடிகள். காய் மேலே தொங்கும் என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது தூரோடு, மண்ணில் படர்ந்த சரத்தில் காய்க்கிறது. பெண்கள் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு, பழுத்ததை மட்டும் கண்டுபிடித்து எடுக்கிறார்கள். நூறு கிராமுக்கு நேற்றுப் பேரம் பேசிய வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது காலில் ஏதோ ஊர்ந்தது. அட்டை! நான் போட்ட கூச்சலில் தோட்டமே திரும்பியது. ஒரு பெண் ஓடிவந்து, "அசையாம நில்லுங்க" என்று மடியிலிருந்து புகையிலைத் தூளை எடுத்து வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காத காவ்யா, பெரியவுக" என்று அந்தப் பெண் அதட்டினாள். நான் தேடிவந்தவள் இவளேதான்.

யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தேன் எல்லாவற்றையும் சொன்னேன். விருதைச் செல்வமணி வேண்டாம் என்றதையும் சொன்னேன். பாண்டியம்மாளின் கை காய் எடுப்பதை நிறுத்தவில்லை.

"நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி வச்சிட்டு வாறேன். அவ அப்பன் போயிச் சேந்து மூணு வருசமாச்சு. ஒத்தையில நின்னு வளக்குறேன். நான் கைவிட்டவளாம்ல?"

"செல்வமணி அப்படிச் சொல்லலையேம்மா."

"சொல்லல. ஆனா அந்தப் பயலுக படம் புடிக்கிறப்ப அது ஏன் சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டுச் சொல்றேன்மா" என்றேன். காவ்யா ஒரு பச்சைக் காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் நகக்கண்ணெல்லாம் மண்.

போடிமெட்டு வரை ஒரு ஜீப்பிலும் அங்கிருந்து பஸ்சிலுமாக இறங்கி, நாலு மணிக்குக் கடைக்கு வந்தேன். பாண்டியம்மாள் கேட்டதை அப்படியே சொன்னேன். செல்வமணி அடுப்பைத் தணித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சிரிச்சேன்தான்க்கா. இத்தன வருசமா இட்லி ஊத்துறேன், ஒருத்தரும் ஒரு படம் புடிச்சதில்ல. 'கொஞ்சம் சிரிங்கக்கா'ன்னான். எனக்கும் ஆசையா இருந்துச்சு. பின்னாடி என்னத்தப் பேசி ஒட்டுவான்னு நான் கண்டேனா?" என்றார். காலையில் நான் விருதென்று சொன்னபோதும் ஒரு நிமிஷம் அதே ஆசை வந்தது என்றும் சொன்னார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை என்னவென்று சொல்ல!

ஆறு மணிக்கு ஜீப்புகள் இறங்கின. செல்வமணி கரண்டியைப் போட்டுவிட்டு நேரே பாண்டியம்மாள் வந்த ஜீப்பின் பின்பக்கம் போய் நின்றார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"பாண்டியம்மா, நான் சிரிச்சது நெசம். பேருக்கு ஆசப்பட்டுட்டேன். பெத்தவ நீ, வளக்குறவ நீ. நான் இட்லி ஊத்துறவ. என்னைய என்னமும் பேசு. புள்ள படிப்ப மட்டும் நிறுத்திறாத ஆத்தா."

கேலி பேசிய பெண்கள் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாண்டியம்மாள் மகளை இறக்கிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சரி, போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். திரும்பவில்லை.

"நாளைக்கு என்ன சட்னி?"

"தேங்கா."

"அவ தக்காளிதான் திம்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செல்வமணி சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, முந்தானை முகத்தை மறைத்திருந்தது. "அக்கா, தக்காளி இருக்கான்னு பாக்கணும்" என்று கடைக்குள் ஓடினார்.

மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டியவள், அதிகாலையில் மறுபடியும் அங்கே போனேன். காவ்யா சீருடையில் இருந்தாள், ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு சடை வரிசையில் மூன்றாவதாக. தக்காளிச் சட்னி என் நாக்குக்கு ஏகக் காரம். நாலு இட்லி தின்றேன்.

தேனி பஸ்சிலிருந்து பத்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "விருது வேண்டாம்னு சொல்ற ஆளும் உண்டாடி? மேடைக்கெல்லாம் சொல்லியாச்சே!" என்று அலறினாள். "நீயே ஏறி நின்னுக்கோ" என்றேன். பாவம், அவளைச் சொல்லி என்ன. எங்கள் தெருவில் கோடைக்கு மோர்ப் பந்தல் போடுவோம். மோர் தண்ணியாக இருக்கும். பேனர் பந்தலை விடப் பெரிதாக இருக்கும்.

இந்தக் கட்டுரையில் வழி, விலை எல்லாம் சொல்லிவிட்டேன். அந்தக் கடை இருக்கும் ஊரை மட்டும் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த மனுஷியின் சொந்தப் பெயரை நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். காவ்யா பள்ளிக்கூடம் போகட்டும்.