மாப்பிள்ளை மேடு

ஆற்றின் ஆழத்தை அளப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். விடிந்ததும் விசைப்படகில் போய், கோடு போட்ட நீளக் கழியை இறக்கி இறக்கிப் பார்ப்பாள். மணல் ஒதுங்கிய இடத்தில் சிவப்புக் கொடி, படகு போகும் தடத்தில் பச்சைக் கொடி. கரியும் சிமென்ட்டும் ஏற்றிவரும் சரக்குப் படகுகள் அந்தக் கொடிகளை நம்பித்தான் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். படகுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஆழக்காரி.

நம்பாதவர் ஒருவர்தான்: தங்கையின் கணவர். சிமென்ட் படகு ஓட்டுகிறவர்.

அன்றைக்கு அவரை வழியிலேயே மறித்துச் சொன்னாள். "இடது பக்கமா போங்க மாப்பிள்ளை. நேத்து மூணு மீட்டர் இருந்த இடத்துல இன்னிக்கு ஒண்ணுகூட இல்ல."

"இருபது வருஷமா ஓட்டறேன் அக்கா. குச்சியை வச்சுக்கிட்டு எனக்கு வழி சொல்றீங்களா?"

"சரி, உங்க இஷ்டம்."

கால் மணி நேரத்தில் படகு மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பயணிகள் படகு ஒன்று அந்தப் பக்கமாக மெதுவாகப் போயிற்று. அதில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியம் ஆழக்காரி தங்கையையும் சாப்பாட்டுத் தூக்கையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். கழியை இறக்கிக் காட்டினாள். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"முழங்கால் தண்ணிதானே இருக்கு. இறங்கி நடந்தே சாப்பிட வந்திருக்கலாமே?" என்றாள்.

அவர் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் வேறொரு படகு வந்து பாதி மூட்டைகளை வாங்கிக்கொண்ட பிறகுதான் விடுதலை.

அலுவலகத்தில் அதிகாரி படிவத்தை நீட்டினார். "புது மணல்மேடு. ஏதாவது பேர் எழுதும்மா."

அவள் கண்ணிமைக்காமல் எழுதினாள். வாராந்தர அறிக்கையில் அச்சாகி எல்லாப் படகுக்கும் போயிற்று. அந்த மேட்டைத் தாண்டும்போதெல்லாம் வயர்லெஸ்ஸில் தகவல் சொல்வது கட்டாயம். மாப்பிள்ளையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்: "மாப்பிள்ளை மேட்டைத் தாண்டிட்டேன்." சொன்னதும் ஆற்றில் உள்ள அத்தனை வயர்லெஸ்ஸும் இருமும்.

புகார் சொல்லப் போனார். மேடு கரைந்தால்தான் பெயரை எடுக்க முடியும் என்று அதிகாரி கைவிரித்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் காலையில், கொடி கட்டிக்கொண்டிருக்கும் ஆழக்காரியின் அருகே படகின் வேகத்தைக் குறைப்பார்.

"அக்கா, மேடு எப்படி இருக்கு?"

"உங்க புண்ணியத்துல நல்லா வளருது மாப்பிள்ளை."