எர்த் கம்பி இல்லாத கடை

மாமா ஏன் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்டதையும், அவள் எழுந்து போனதையும் பார்த்தேன். இனி அவளிடம் கேட்க வேண்டாம். நான் எழுதித் தருகிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள், அதனால் நீட்டாமல் சொல்கிறேன்.

மட்டாஞ்சேரியில் இந்த மாவுக் கடையைத் தொடங்கியபோது வயரிங் செய்து கொடுத்தது உங்கள் மாமாதான். கூலி வாங்கவில்லை. லைசென்ஸும் அவனிடம் இல்லை. நாலு வீட்டில் ஃபேன் மாட்டிப் பழகிய கை, அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. மாவு வாங்க வருகிறவர்களிடம், "போர்டு பாத்தீங்களா? என் தம்பி வச்சது" என்பாள்.

கிரைண்டரைத் தொட்டால் கை சுருக்கென்கிறது என்று அவளே ஒருமுறை சொன்னாள். "அக்கா, அது உன் நரம்புக் கோளாறு. நல்லா சாப்பிடு" என்றான் மாமா. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

பிறகு கரண்ட் ஆபீஸ் ஆள் வந்தான். வீட்டுக் கணக்கில் இருக்கும் லைனில் கடை நடத்தக் கூடாதாம். கடைக்கான இணைப்புக்கு மாற வேண்டுமாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வயரிங்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் லைனை வெட்டுவோம் என்றான். ஃபோர்ட் கொச்சி ஹோட்டல்களுக்கு மாவு அரைத்துக் கொடுத்துத்தான் நமக்குச் சோறு. கையெழுத்து இல்லையென்றால் கடை இல்லை.

வெலிங்டன் தீவில் கிடங்குகளுக்கு வேலை செய்யும் ஒரு மலையாளியைக் கூப்பிட்டேன். லைசென்ஸ் அட்டையைக் கேட்டு வாங்கி, போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். "தம்பி போட்டதைத் தம்பியே காட்டட்டும்" என்று அம்மா மாமாவையும் வரச் சொன்னாள். அவன் துவைத்த சட்டை போட்டு வந்தான்.

எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்தார். உடனே வாசல் பக்கம் திரும்பி, "எல்லாரும் வாங்க, ஒரு தமாஷ் காட்டுறேன்" என்று கூப்பிட்டார். பக்கத்து மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் இருவரும், கடைக்கு வாடகை வாங்கும் கட்டிடக்காரரும் உள்ளே வந்தார்கள்.

"இது ஆரு செய்தது?"

"நான்தான் சேட்டா" என்றான் மாமா.

"எர்த் கம்பி எவிடே?"

கிரைண்டரில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டுபோகிற கம்பி அது. மாமா அசடு வழியச் சிரித்தான். "இங்க ஒரு முழம் தோண்டினா உப்புத் தண்ணி. ஊரே எர்த்துதானே? தனியா எதுக்குக் கம்பி?"

"செரி செரி, எர்த் உண்டு. தோ, வெறுங்காலோட நிக்குது." அவர் அம்மாவைக் காட்டினார். "சேச்சிதான் எர்த்."

டெஸ்டரைக் கிரைண்டரில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. பிறகு போர்டுப் பக்கம் திரும்பி என்னவோ செய்தார். நான் கவனிக்கவில்லை.

"டேய், செருப்பைக் கழட்டு. ஈரத்துல நில்லு. தொடு."

மாமா அசையவில்லை.

"பேடியோ, பயமா? நின்டெ சேச்சி தினம் தொடுறா."

அரிசி களைந்துகொண்டு நின்ற அம்மா முன்னால் வந்தாள். கையில் தண்ணீர் சொட்டியது. நான் தடுப்பதற்குள் இரண்டு உள்ளங்கையையும் கிரைண்டரில் அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை.

"பாருங்க! கரண்டுமில்ல, ஒண்ணுமில்ல. எனக்குத்தான் நரம்புக் கோளாறு. தம்பி அன்னிக்கே சொன்னான். கையெழுத்துப் போடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஃபியூஸ் என்டெ கையில ஆணு சேச்சி."

கட்டிடக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா கையை எடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இந்தக் குப்பை முழுதும் போக வேண்டும், கட்டினவனே பிரிக்கட்டும் என்றார் எலக்ட்ரீஷியன். மாமா ஒவ்வொரு கம்பியாக உருவினான். நான் வாங்கிக் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டு அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "அது மறந்து போச்சு. இதும்" என்று காலாலேயே காட்டினார். பழக்கத்தில் மாமா கம்பியைச் சுருட்டப் போனான். "சுருட்டண்டா. குப்பைல போடு." போட்டான். யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

புது வயரிங்கை அவரே போட்டார். மண்ணில் எர்த் குழாய் இறங்கியது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் பிரேக்கர் வந்தது. கையெழுத்தும் கிடைத்தது. மூட்டைக்காரர்கள் கதையை ஊரெல்லாம் கொண்டுபோனார்கள். மாமா இப்போது வைப்பினில் ஐஸ் உடைக்கிறான். ஃபெரிப் படகில் அவனைப் பார்த்தால் இன்றும் "எர்த்தே!" என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு.

நாளைக்கு நீங்கள் கடை வைத்தால் லைசென்ஸ் உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும். உறவுக்காரன் வேண்டாம். அட்டையை வாங்கிப் பாருங்கள். அந்த ஆளின் வாயைப் பற்றி அட்டையில் ஒன்றும் எழுதியிருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அன்று அவரைக் கூப்பிட்டது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கும்போது உங்களுக்கு அம்மா இருந்திருக்க மாட்டாள்.

அவள் தினமும் கிரைண்டரைப் போட்டதும் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். எர்த் இருக்கிறது, பயப்படாதே என்றேன் ஒருநாள்.

"பயத்துல தொடலைங்க" என்றாள். "அந்த எலக்ட்ரீஷியன் போட்ட வயரிங்கும் ஒருநாள் கசியுமில்ல? அன்னிக்கு நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டணும்."

இதுவரை கசியவில்லை. அவர் வேலை நல்ல வேலை.