ஓட்டில்லாத சபாநாயகர்

அந்த வீட்டில் ஓட்டெடுக்காமல் ஒரு துரும்பும் அசையாது. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, பழைய சோபாவைக் கழித்துக் கட்டுவதா, மாமா வந்தால் எத்தனை நாள் தாங்குவது, எல்லாவற்றுக்கும் கை தூக்கியாக வேண்டும். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். தொழிற்சங்கச் செயலாளரும் அவரே. பஸ்ஸைப் பழுது பார்த்த நேரத்தைவிடத் தீர்மானம் போட்ட நேரம் அதிகம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். மேடு ஏறும்போது பஸ்களும் அதையேதான் முனகும்.

நாலு பேர் கை தூக்கினால் ரெண்டுக்கு ரெண்டு என்று முட்டிக்கொண்டு நிற்கும் அபாயம் உண்டு. அதனால் மூத்தவளைச் சபாநாயகர் ஆக்கினார்கள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. கையில் மரக்கரண்டி. அதை வைத்து மேசையைத் தட்டினால் அப்பாவே வாயை மூடிக்கொள்ள வேண்டும். சபாநாயகருக்கு ஓட்டுக் கிடையாது, சமமாக விழுந்தால் தவிர. மீதி மூன்று பேர் என்பதால் சமமாக விழவே விழாது. இந்த விதியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் ஒருதடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. நடுநிலை என்று அதற்குப் பெயர் வைத்து, பெருமையாகவும் இருந்துவிட்டாள்.

இப்போது அரசியல் அறிவியல் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. ஒன்று உள்ளூரில், ஒரே பஸ்ஸில் போய் வரலாம். தூண்கள் பிரமாதம். பாடத்திட்டம் பழங்காலத் தத்துவஞானிகளில் தொடங்கி நிதானமாக நடந்து வந்து, நிகழ்காலம் எட்டிப் பார்க்கும் நேரத்தில் பட்டம் கொடுத்து அனுப்பிவிடும். இன்னொன்று ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். கட்டடத்தில் இன்னும் சிமென்ட் வாசனை. ஆனால் அங்கே இரண்டாம் வருஷமே மாணவர்களை நகராட்சிக் கூட்டங்களில் உட்கார வைத்து, யார் எதற்காக எப்போது தூங்குகிறார்கள் என்று எழுதச் சொல்வார்களாம். அதைப் படித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

இரண்டில் ஒன்றுக்கு, போனில் 'சம்மதம்' என்ற பொத்தானை இன்று மாலை ஐந்து மணிக்குள் அமுக்க வேண்டும். பல் தேய்க்கும்போது உள்ளூர் என்று முடிவு செய்தாள். முகம் துடைப்பதற்குள் வெளியூர். மாடிப்படியில் ஏறினால் ஒன்று, இறங்கினால் இன்னொன்று. கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"அரசியல் படிக்கப் போறியாமே, எந்தக் கட்சிம்மா?"

"கட்சியெல்லாம் இல்ல அங்கிள்."

"அப்ப சுயேச்சையா? டெபாசிட் போயிடும்மா, பாத்துக்க."

மத்தியானம் ஓட்டெடுப்புக்காக டிப்போவிலிருந்து அப்பா அரைநாள் லீவு போட்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவையும் எழுப்பியாயிற்று. தங்கைக்கு அந்த வீட்டில் 'எதிர்க்கட்சி' என்று பெயர். எதற்கும் அவளிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். மூத்தவள் மரக்கரண்டியால் தட்டினாள். தன் தலைவிதியைத் தானே அவையில் வைத்துவிட்டு, தனக்கு ஓட்டில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கடியில் கால் தானாக ஆடியது.

"உள்ளூர்தான்," என்றார் அப்பா. "பேரு பெத்த இடம். நம்ம டிப்போ பஸ்ஸே வாசல்ல நிக்கும்."

"பாதி நாள் நிக்கும், மீதி நாள் நகராது," என்றாள் தங்கை.

"குறுக்க பேசாத. சபாநாயகர் கவனிக்கணும்!"

கரண்டி தட்டியது. அம்மா கொட்டாவியை முடித்துவிட்டுக் கை தூக்கினாள். "வெளியூர்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி, அவ்வளவு தூரத்துக்கா?"

"இங்கயே இருந்தா இவ ஆயுசுக்கும் நம்ம சண்டையத் தீத்துக்கிட்டே கிடப்பா. உங்களுக்கும் அதானே வசதி."

அப்பா தண்ணீர் குடித்தார். எல்லாரும் எதிர்க்கட்சியைப் பார்த்தார்கள். அது நகத்தைக் கடித்துக்கொண்டே, "நான் யாருக்கும் போடல. நடுநிலை," என்றது.

அந்த வீட்டுச் சரித்திரத்தில் அப்படி ஒரு வார்த்தையை அது சொன்னதே இல்லை. ஒன்றுக்கு ஒன்று. ஓட்டு இப்போது மூத்தவளிடம். இத்தனை நாள் வெளியே பெருமையாக இருந்தாலும், ஓட்டில்லை என்று மனதுக்குள் புழுங்கினாள். கையில் வந்து விழுந்ததும் யாராவது பிடுங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். சங்கம் கண்ட மனிதர். "சமமா விழுந்தா சபாநாயகர் ஓட்டு இருக்கிற நிலைமைக்குத்தான் போகணும். புதுசா எதையும் கொண்டுவரக் கூடாது. அது மரபு. எங்க சங்கத்துலயும் அதான்."

அது உண்மைதான். அவளும் படித்திருக்கிறாள். இருக்கிற நிலைமை என்றால் இந்த மேசை, இந்தக் கரண்டி, வாசலில் டிப்போ பஸ். அவள் எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"உக்காருக்கா, தலை சுத்துது," என்றாள் தங்கை.

மூத்தவள் உட்காரவில்லை. கரண்டியை மேசை நடுவில் வைத்தாள். "நான் ராஜினாமா பண்றேன்."

"எதுக்கு?"

"சபாநாயகரா இருந்தாத்தானே மரபு? இப்ப நான் சாதா உறுப்பினர்."

"ராஜினாமாவ யாரு ஏத்துக்கறது? அதுக்கு ஒரு முறை இருக்குல்ல?" அப்பா எழுந்தேவிட்டார்.

"நான் ஏத்துக்கிட்டேன்," என்று சொன்ன தங்கையின் கையில் அதற்குள் கரண்டி இருந்தது. டொக், டொக். "மறு ஓட்டெடுப்பு. வெளியூருக்கு யாரு?"

அம்மாவின் கை எழுந்தது. மூத்தவளின் கையும் எழுந்தது. எவ்வளவு உயரம் தூக்குவது என்று தெரியாமல் முதலில் காதுவரை வந்தது, பிறகு விறுவிறுவென்று மேலே போனது. அதே வேகத்தில் இன்னொரு கையால் போனில் வெளியூருக்கான பொத்தானை அமுக்கினாள். அமுக்கிவிட்டு உட்கார்ந்தாள்; இனியாவது கால் ஆட்டம் நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை.

அப்பா வெகுநேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "ஆமா, இவ போயிட்டா கரண்டி உங்கிட்ட. மீதி நானு, உங்கம்மா. ரெண்டே ஓட்டு."

"ஆமாப்பா."

"நாங்க ரெண்டு பேரும் எதுலயும் ஒத்துப்போனதில்லையே?"

"இல்லப்பா."

"அப்ப ஒவ்வொரு தடவையும் முடிவு..."

தங்கை கரண்டியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த விஷயத்துக்கு வருவோம்," என்றாள். "அக்கா ரூம் யாருக்கு?"