திரும்பி வந்த மெயில்கள்

மெயில் அனுப்ப ஒரு நாளில் பழகிவிடலாம். எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டரை அதை வாங்கிக்கொள்ள வைப்பதற்குத்தான் தொழில் தெரிய வேண்டும். அனுப்பியது திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். வெளிநாடு போன நம்மூர்க்காரர்கள் பெயர் கொடுத்தால் வாராவாரம் ஊர்ச்செய்தி மெயிலில் போகும். டைப் அடித்தது கிரேஸ் என்ற பெண்.

கொட்டை எழுத்து

முதல் வாரம் எல்லாருக்கும் ஒரே மெயிலாக அனுப்பினேன். 'இலவசச் செய்தி' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு. சாயங்காலத்துக்குள் பாதிக்குமேல் திரும்பிவிட்டது. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் என்னை விளம்பரக்காரன் என்று நினைத்துவிட்டன. மறுநாள் ஆட்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து, தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன். போய்விட்டது. கிரேஸ் சிரிக்காமல் சொன்னாள்:

"நேத்து நீங்க அனுப்புனது எனக்கு வந்திருந்தா, நானும் தொறந்திருக்க மாட்டேன் சார்."

நிரம்பிய பெட்டி

நாங்குநேரி பாத்திரக்கடை அண்ணாச்சியின் மகன் அமெரிக்காவில் இருந்தான். செய்தியே வருவதில்லை என்று அவன் போனில் கோபப்பட்டான். பார்த்தால், அவன் மெயில்பெட்டி நிரம்பி வழிகிறது. நிரப்பியது அண்ணாச்சிதான். வாரந்தோறும் எங்கள் சென்டருக்கே வந்து, கோயில் உற்சவப் படங்களை ஸ்கேன் பண்ணி மகனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. பழையதை அழிக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டு, புதுப் படங்களைச் சுருக்கிக் கொடுத்தேன். படமும் போனது, செய்தியும் போனது. அண்ணாச்சி திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"பெருமாள் கொஞ்சம் எளைச்சிட்டாரே வே. சரி, பய கையில போய்ச் சேந்தாச் சரி."

உவரிப் படகுகள்

ஒரு ஐப்பசியில் கடல் பொங்கியது. கடலோர உவரியில் போன் செத்துவிட்டது; மீன் பிடிக்கப் போன படகுகள் திரும்பவில்லை என்று மட்டும் வளைகுடா வரை சேதி பரவியிருந்தது. அங்கே ஒரே கம்பெனியில் உவரிக்காரர்கள் பலர் வேலை பார்த்தார்கள். உவரி சர்ச் உபதேசியார் பஸ் பிடித்து என்னிடம் வந்தார். படகுகள் மணப்பாட்டில் கரை ஒதுங்கிவிட்டன, ஒருவருக்கும் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றார்.

உடனே அனுப்பினேன். கம்பெனிக் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் திருப்பியது. தனித்தனியாக அனுப்பினோம், அதுவும் திரும்பியது. எனக்கு வழி தெரியும்: கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவரின் பெட்டிக்கு வரும் மெயிலை எந்தக் கம்பெனியும் திருப்பாது. அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு நேரடியாக எழுதினேன்: இது விளம்பரம் அல்ல, உங்கள் ஆட்களின் தகப்பன்மார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதி. கொஞ்ச நேரத்தில், மறுபடி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினேன். இந்த முறை எதுவும் திரும்பவில்லை.

அந்த உவரிக்காரர்களில் அந்தோணி என்பவர் எனக்குப் பதில் போட்டிருந்தார், ஆங்கில எழுத்தில் தமிழ்:

"அண்ணாச்சி, ஒங்க மெயில் வந்த பொறவுதான் எல்லாரும் சாப்பிட உக்காந்தோம்."

எந்தக் கம்ப்யூட்டரையும் மெயிலை வாங்கவைக்க எனக்குத் தெரியும்; ஆனால் ஆபத்து இல்லாத வாரங்களில் போகும் ஊர்ச்செய்தியை வாங்கியவரைப் படிக்கவைக்கும் வழி உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.