தூண்டிலில் படாத மீன்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கல்முனையில் மாமி வீட்டுக்குப் போன முதல் மாதமே நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "தூண்டில் போட்டா வெறுங்கையோட வந்த நாளே இல்ல மாமி" என்று அளந்துவிட்டேன். அளந்தால் காட்டவும் வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை தூண்டிலும் கையுமாக மாவடிப்பள்ளி ஆற்றுக்குப் போனேன்.

லீவு நாளில் அந்தச் சின்ன ஆற்றில் படகுச் சவாரிக்குக் குடும்பம் குடும்பமாகச் சனம் வரும். பாலத்தில் தூண்டில்காரர் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் மீன் பட்டது. எனக்குப் பட்டது தண்ணீரில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடி.

கரையில் தோணியை இழுத்துவிட்டு வலை மீன் விற்ற வீரமுனைக்காரர் ஒருவரிடம் இரண்டு கொடுவா வாங்கி, நான் பிடித்ததென்று மாமியிடம் நீட்டினேன். தூக்கிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகென்ன, ஞாயிறுதோறும் இதே கூத்து. அந்த மனிதர் எனக்கென்று நல்ல மீனாக ஒதுக்கிவைப்பார். "தம்பி, இண்டைக்கும் தூண்டில்லதானே பிடிச்ச?" என்று சிரிப்பார். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் கதைப்போம்; மாமி வீடு எந்தத் தெருவில் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

ஒருமுறை வேலை காரணமாக இரண்டு கிழமை போகவில்லை. மூன்றாம் கிழமை சைக்கிளில் மீன் பையோடு அவரே வாசலில் வந்து நின்றார்.

"ஆத்துப்பக்கம் காணல்ல தம்பி. காய்ச்சலோ எண்டு பாக்க வந்தன். மீனும் கொண்டந்தன்."

விறாந்தையில் மாமியும் அவர் சகோதரிகளும் இருந்தார்கள். என் தூண்டில் பெருமையை அப்போதுதான் மனைவி அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தாள். மானம் போகப்போகிறதே என்ற பயத்தில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"ஆரு நீங்க? எனக்குத் தெரியாதே."

அவர் மீன் பையைத் திரும்பச் சைக்கிளில் மாட்டினார். "வீடு மாறி வந்திட்டன் போல, குறை நினைக்காதீங்க" என்று மாமியிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

மாமி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "முதல் நாளே மீன்ட கழுத்தில வலைத்தழும்பக் கண்டுட்டன், மகன். புதுமாப்பிள்ளை ஆசைக்குப் புளுகிறார், புளுகட்டும் எண்டு விட்டன். சுகம் விசாரிக்க வந்த மனுசன இப்படியா அனுப்புற?"

சீ, நானும் ஒரு மனிசனா! எந்த மானத்துக்காக அவரைத் தெரியாதென்றேனோ, அது அந்த வீட்டில் எனக்கு முதல் நாளே இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பாலத்துக்கு முன்னால் அவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, பையை விரித்துக் காட்டினார்.

"என்ன சேர், மீன் ஏதும் வேணுமோ?"